மட்டைக் கொட்டடியில் கை பார்த்தவன்

உக்காருங்க தாயி. இங்கனயே உக்காருங்க. அந்த ஓரத்துல நின்னா செக்யூரிட்டி வந்து என்ன வேணும்னு கேப்பான். என்னையக் கேக்க மாட்டான், எம்பத்தாறு வயசுக்காரன என்னன்னு கேக்குறது. தெனமும் மத்தியானச் சோத்தத் தின்னுட்டு ஏசிக்காக இந்த மாலுக்கு வந்துருவேன். ஒரு கர்ச்சீப்பு கூட இங்க வாங்குனதில்ல.

காலேஜுலருந்து வர்றதாச் சொன்னாக. இந்த எடத்தோட பழைய கதைய எழுதுறீகளாம்ல. எழுதுங்க, நல்லது. ஆனா பேப்பர்ல ஒருத்தன் எழுதுனானே, அத மாதிரி எழுதிறாதீக. சித்திரவதைக் கூடமாம். படுவா, அவன் அப்ப பொறந்தே இருக்க மாட்டான். இந்த எடத்துல இருபத்தஞ்சு வருசம் வார்டராக் கெடந்தவன் நானு. சன்னாசின்னு பேரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா? கேக்கல. அந்த போன்ல நான் பேசுறது ஏறுதா? ஏறட்டும், எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல.

மொதல்ல வெள்ளைக்காரன் குதிர கட்டுன லாயம் இது. தாது வருசப் பஞ்சத்துல சனம் நடந்துக்கிட்டே செத்துச்சுல்ல, அப்ப குதிரைய அவுத்துவிட்டுட்டு ஆளுகள உள்ள அடைச்சான். கல்லு ஒடைச்சாக் கஞ்சி, ஒடைக்காட்டி சவுக்கு. ஒரே மாசத்துல எழுநூறு பொணம் போன வாசல்னு எங்க சூப்பிரண்டு கனகசபாபதி சார் பழைய ரிக்கார்டப் படிச்சுச் சொல்லுவாரு. அது வெள்ளைக்காரன் செஞ்சது, அத எங்க தலையில கட்டக் கூடாது. சொதந்திரம் வந்த பெறகு நம்மாளுக வந்து போர்ட மாத்துனாக. இரவலர் உழைப்பு இல்லம். ஊருல எவனும் அப்படிச் சொல்லல. மட்டைக் கொட்டடின்னாத்தான் ரிக்சாக்காரனுக்கே தெரியும். கல்லுக்குப் பதிலாத் தேங்கா மட்ட, அம்புட்டுத்தான் மாறுச்சு. எம்பத்து நாலுல பூட்டிட்டு ரேசன் குடோனாக்குனாக. பெறகு இடிச்சாக. இப்ப பாருங்க, பளபளன்னு நிக்கிது.

அந்தா, படி தானா ஏறிப் போகுதுல்ல, அங்கதான் மட்டையடிக்கிற கொட்டாயி. சென்ட் விக்கிற கடை இருக்கே, அங்கன மட்ட ஊறப்போடுற தொட்டி. ஆறு மாசம் ஊறுன மட்ட. அந்த நாத்தம் மேல ஏறுச்சுன்னா கட்டுன பொண்டாட்டி பக்கத்துல படுக்க மாட்டா. நீங்க உள்ள வந்தீகளே, கண்ணாடிக் கதவு, அதுதான் மெயின் கேட்டு. அப்ப இரும்புக் கம்பி. என் கட்டவெரல் தண்டிக் கம்பி.

எப்படின்னா, போலீசு லாரி ரோட்டுல பிச்சை எடுக்குறவகளப் புடிச்சு ஏத்திட்டு வரும். எறங்கினதும் மொட்டை. அப்பறம் பினாயில் தண்ணி மூணு வாளி. புண்ணு இருக்குறவன் கத்துவான், கத்துனா நாலாவது வாளி. அதுக்குப் பெறகு எங்கிட்ட வருவான். கை பாக்குறது என் வேல. சோசியம் இல்ல தாயி, சிரிக்காதீக. உள்ளங்கையப் புடிச்சு அமுக்குவேன். காய்ப்புக் காய்ச்சிருந்தா உழைச்சுச் சாப்பிடுறவன், ஏதோ தப்பா ஏத்திட்டு வந்துட்டாக, போடா வெளியன்னு விட்ருவேன். வழுவழுன்னு இருந்துச்சுன்னா பிச்சைக்காரன். ஒரு வருசம் உள்ள. மாஜிஸ்திரேட்டு வாரத்துல ஒருநா வருவாரு, நான் சீட்டுல எழுதுனதத்தான் படிப்பாரு, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு.

ஒருத்தன் முந்தின நாளே சங்கதி தெரிஞ்சு செங்கல்லுல கையத் தேச்சுக்கிட்டு வந்து நின்னான். ரத்தங்கட்டிப் போயிருக்கு, அது காய்ப்பாம். அந்தக் கையிலயே போட்டேன் ஒண்ணு. ஒரு வாரம் பக்கத்துல இருக்குறவன் அவனுக்குச் சோத்தப் பெசஞ்சு ஊட்டுனான். இன்னொரு நாளு ஒரு கொத்தனாரு. கையப் பாத்ததுமே, போங்கண்ணேன்னு அனுப்பிச்சேன். கும்புட்டுட்டுப் போனாரு. அதையும் எழுதணும்ல? பேப்பர்க்காரன் எழுத மாட்டான். அது வரைக்கும் பதினெட்டு வருசத்துல ஒரு கை தப்புனதில்லன்னு கனகசபாபதி சாரே வர்றவக போறவக கிட்டச் சொல்லிக் காட்டுவாரு.

அப்பத்தான் அவன் வந்தான். எழுவத்தேழு, பங்குனி நடுவுல. யாரோ பெரிய மனுசன் ஊருக்கு வர்றாருன்னு ரோட்டச் சுத்தம் பண்ணச் சொல்லிட்டாக. உச்சி வெயில்ல லாரி போயி தெப்பக்கொளத்து மண்டபத்துல படுத்திருந்த அம்புட்டுப் பேரையும் அள்ளிட்டு வந்துச்சு. நாப்பத்து மூணு பேரு. அதுல ஒருத்தன், முப்பது வயசு இருக்கும், கறுத்த ஒடம்பு, நல்ல தோளு. இசக்கிமுத்துன்னான். தென்காசிப் பக்கமாம். மத்தவன்லாம் அழுகுறான், இவன் சிரிக்கிறான். தப்பா ஏத்திட்டு வந்துட்டாவ அண்ணாச்சி, நான் பரோட்டா மாஸ்டர், சாயந்தரம் கடை தொறக்கணும், விடுங்கன்னான். ஏன்டா நட்ட நடு மத்தியானத்துல மண்டபத்துல தூங்குனன்னேன். பரோட்டாக் கடை பொழுது சாஞ்சு ஆரம்பிச்சு விடியுற மட்டும் ஓடுமாம், மாஸ்டருக்குப் பகல்லதான் தூக்கமாம். இது நல்ல கதையா இருக்கேன்னு கைய நீட்டச் சொன்னேன்.

தாயி, பொய் சொல்லல. பச்சப்புள்ள கை கூட அப்படி இருக்காது. அமுக்குனா விரல் உள்ள போகுது.

நாள் பூரா மாவும் எண்ணெயும்லா, கை இப்படித்தான் இருக்கும் அண்ணாச்சின்னான். அறைஞ்சேன். கீழ விழுந்தவன் எந்திரிச்சு மறுக்கா கையக் காட்டுறான். ரெண்டாவதும் போட்டேன். சீட்டுல எழுதிட்டேன்.

மறுநா மட்டைக் கொட்டாயில விட்டோம். கொட்டாப்புளின்னு மரச் சுத்தியல், மூணு கிலோ இருக்கும். ஊறுன மட்டைய அதால அடிச்சு, உள்ள இருக்குற தூளப் பிரிச்சு நாராக்கணும். மொத நாளு அம்பது மட்ட, நிறுத்துனா முதுகுல ஒண்ணு. வரவேற்புன்னு சொல்லுவோம். அவன் முப்பதுலயே கை கொப்பளம் கண்டு பொத்துப்போயி ரத்தம் வடிய நின்னான். பாருடா, உழைச்ச கையா இருந்தாப் பொத்துப்போகுமான்னேன். எல்லாரும் சிரிச்சாக. அவன் மட்டும் சிரிக்கல.

ஆனா திமிரு. காலையில ஆள் எண்ணுறப்ப பேரச் சொன்னா உள்ளேன் அய்யான்னு சொல்லணும். இவன் என்னா சொல்லுவான்? இசக்கிமுத்து, பரோட்டா மாஸ்டர் அப்படிம்பான். ஒண்ணு போடுவேன். மறுநாளும் அதையே சொல்லுவான். மறுநாளும் போடுவேன். பத்து நா சொன்னான், பத்து நா வாங்குனான். எனக்கே கை ஓஞ்சு போச்சு. தனியாக் கூப்புட்டு, ஏன்டா சாகுற, ஒரு வருசம் கண்ண மூடித் தொறந்தாப் போயிரும்னேன். அன்னைக்குத்தான் சொன்னான். பொண்டாட்டி நெறமாசமாம், பேச்சியம்மான்னு பேரு. முன்னாடி ரெண்டு புள்ள வயித்துலயே செத்துப்போச்சாம். இந்தத் தடவ கிழிச்சுத்தான் எடுக்கணும், சித்திர பொறந்ததும் புருசன் வந்து ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டுச் சேத்துரணும்னு டாக்டர் நாள் குறிச்சுக் குடுத்துருக்காராம். அவளுக்குன்னு வேற ஆளு இல்லையாம்.

எல்லாரும் ஒரு கதை வச்சிருப்பான் தாயி. நான் கேக்காத கதையா.

பெறகு ஒரு ஞாயித்துக்கெழம ஒரு மூட்ட மைதா வந்துச்சு. யாரோ பணக்காரரு பொறந்த நாளைக்குக் குடுத்துவிட்டது. சமையக்காரன் அதக் கூழாக் காய்ச்சலாம்னு நின்னான். இவன் நேராப் போயி சூப்பிரண்டு ரூமு வாசல்ல நின்னு, சார், ஒரு அரை மணி நேரம் அடுப்படிய எனக்குக் குடுங்கன்னுட்டான். எனக்குக் கோவம் மண்டைக்கு ஏறிருச்சு. சார் நல்ல மனுசன், சரி செய்யட்டுமேன்னுட்டாரு.

கை பூராப் புண்ணு. துணியச் சுத்திக்கிட்டுப் பெசஞ்சான். ஊறவச்சான். பெறகு துணிய அவுத்துப் போட்டுட்டு ஒரு உருண்டைய எடுத்து வீசுனான் பாருங்க. வேட்டிய உதர்ற மாதிரி. கல்லுல விழுகும்போது அந்தப் பக்கம் இருக்குற ஆளு தெரியுது, அம்புட்டு மெலிசு. முந்நூறு பிச்சைக்காரன் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான். மாவுல ரத்தம் லேசாப் பட்டுருந்துச்சு, யாரும் கண்டுக்கல. நான் ஏழு தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு, நல்லா இல்லன்னு சொல்லக் கூடாது.

சார் என்னையக் கூப்புட்டாரு. சன்னாசி, இவன் சொல்றது நெசம் மாதிரி இருக்கே, அந்தக் கடைக்குப் போயி மொதலாளிய விசாரிச்சுட்டு வா, ஆமான்னா இன்னைக்கே எழுதி விட்ருவோம்னாரு. கடை ஒண்ணும் தூரம் இல்ல. நடந்தாப் பத்து நிமிசம்.

நான் கெளம்பிப் போனேன். முக்குல டீக்கடையில உக்காந்து ஒரு டீயக் குடிச்சேன். திரும்பி வந்து, அப்படி ஒரு ஆளே எங்கடையில வேல செய்யலன்னு மொதலாளி சொல்லிட்டாரு சார்னு சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்குறீக? நீங்களே ரோசிச்சுப் பாருங்க. ஒரு கை தப்புன்னா பதினெட்டு வருசத்துக் கையும் தப்பாயிரும். உள்ள இருக்குற முந்நூறு பேரும் கைய நீட்டிக்கிட்டு வருவான், என்னையும் மறுக்காப் பாருன்னு. வெளிய போனவன்லாம் பெட்டிசன் போடுவான். எடம் நடக்குமா? நான் எனக்காகச் சொல்லல, கொட்டடிக்காகச் சொன்னேன். அதுலயும் அவனுக்கு நல்லதுதான் செஞ்சேன், மட்டைலருந்து எடுத்து அடுப்படியில போடச் சொன்னேன். எங்க ஸ்டாப்புக்கெல்லாம் ஞாயித்துக்கெழம பரோட்டா. மத்த நாளு மட்ட.

சித்திர பத்து தேதி வாக்குல, வெள்ளிக்கெழம, அந்தப் பொண்ணு வந்துருச்சு. வயித்தத் தூக்கிக்கிட்டு, கையில ஒரு மஞ்சப் பையி. ஊருலருந்து பஸ்ஸு மாறி மாறி வந்துருக்கு. புருசனக் காணமேன்னு கடைக்குப் போயி விசாரிச்சிருக்கு, லாரியில ஏத்திட்டுப் போனதக் கடைக்காரரு சொல்லிருக்காரு. அவருக்குப் போலீசுன்னாப் பயம், வரல. ஆனா ஒரு சீட்டு எழுதிக் குடுத்துவிட்டுருக்காரு. இன்னார் எங்கடையில ரெண்டு மாசமா மாஸ்டரா இருக்காரு, நல்லவருன்னு கடைச் சீலோட. அத எங்கையில குடுத்துச்சு.

அன்னைக்கு சூப்பிரண்டு லீவு. திங்கக்கெழமதான் வருவாரு. சீட்ட மடிச்சு சட்டப்பையில வச்சுக்கிட்டேன். ரெண்டாவது சனிக்கெழமதான் ஆளப் பாக்க விடுவோம், நாளைக்கு வர்றது நாலாவது சனி, போயிட்டுப் பெறகு வாம்மான்னேன். போகல. கேட்டுக்கு வெளிய வேப்பமரம் ஒண்ணு இருந்துச்சு, அதுக்கடியில உக்காந்துக்கிருச்சு. நான் ஒண்ணும் கல்லு இல்ல தாயி. தண்ணி குடுத்தேன். சாயந்தரம் எங்க வீட்டுச் சோத்துல பாதிய எலையில வச்சுக் குடுத்தேன். தின்னுச்சு. வெள்ளி, சனி ரெண்டு நாளும் குடுத்தேன். உள்ள அவனுக்கு அவ வந்தது தெரியாது. சொன்னா ரகளை பண்ணுவான்னு நான் சொல்லல.

உடனே குடுக்க வேண்டியதுதானேம்பீக, அந்தச் சீட்ட. சாரு வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்லல. கொண்டுபோயிருந்தா, நீ அன்னைக்கு யார்கிட்டடா விசாரிச்சன்னு மொதக் கேள்வி எனக்குத்தான் வரும்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் அவளுக்கு வலி கண்டுருச்சு.

கொட்டாயில அறுபது பேரு மட்ட அடிச்சுக்கிட்டு இருக்கான். அந்தச் சத்தத்துல வேற ஒண்ணும் கேக்காது. ஆனா அவ கத்துன கத்து கேட்டுச்சு. ஒவ்வொருத்தனா கொட்டாப்புளிய நிறுத்துறான். நான் அடிங்கடா அடிங்கடான்னு வையிறேன். கடைசியில ஒரு சத்தமும் இல்ல, அவ சத்தம் மட்டும்தான். இசக்கிமுத்து அடுப்படியில மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தான். அவனுக்கு அந்தக் குரல் தெரிஞ்சுபோச்சு. மாவுக் கையோட ஓடியாந்து கேட்டுக் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டான்.

பேச்சி, பேச்சின்னான். அவ மரத்தடியில கெடந்து திரும்பிப் பாக்குறா.

கேட்டத் தொட்டவன அடிச்சுப் பிரிக்கணும். அது ரூலு, செவுத்துல எழுதியே போட்டுருக்கும். ஒருத்தன விட்டா அறுபது பேரும் கேட்டுல ஏறிருவான். நான் கையில கெடச்ச கொட்டாப்புளிய எடுத்து முதுகுல போட்டேன். விடல. தோள்ல போட்டேன். விடல. அப்பறம் வேற என்ன செய்யிறது, புடிச்சிருந்த கையிலயே போட்டேன். வலது கை. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவுல வெரலு. சத்தம் கேட்டுச்சு, மட்டையில அடிக்கிற சத்தம் இல்ல அது. அப்பயும் எடது கையால புடிச்சுக்கிட்டு நிக்கிறான். அதுலயும் போட்டேன். எத்தன போட்டேன்னு விசாரணையில கேட்டாக. யாரு எண்ணுனா? அவன் ஒரு சத்தம் குடுக்கல, கத்துனதெல்லாம் அவதான். அவ வலிக்குக் கத்துனாளா, இவன் கைக்குக் கத்துனாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

அவன் கீழ விழுந்த பெறகு பொம்பளை வார்டுலருந்து ரெண்டு கெழவிக வந்து, சன்னாசி, கேட்டத் தொற, நாங்க அவளப் பாக்குறோம்னாளுக. தொறந்துவிட்டேன். எழுதிக்கங்க, நாந்தான் தொறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் போராடுனாளுக. கால் மொதல்ல வந்துச்சு, தல வரல. அப்பறம் வந்துச்சு. எங்க லாரியிலதான் அவள ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புனேன், நானே ஒரு பக்கம் தூக்குனேன். அவ பொழச்சுக்கிட்டா.

விசாரணை வந்துச்சு. கடைக்காரரு இந்தத் தடவ பயப்படாம வந்துட்டாரு, எங்கிட்ட ஒருத்தரும் வந்து கேக்கலன்னு சொல்லிட்டாரு. நான் வேற கடையில கேட்டுட்டேன்னு சொன்னேன். சட்டப்பையிலருந்த சீட்ட எம் பொண்டாட்டி தொவைக்கயில எடுத்துக் காயப்போட்டுருந்தா, அதையும் எவனோ போட்டுக் குடுத்துட்டான். வேல போகல. ஆனா எனக்கு வர வேண்டிய சீப் வார்டர் போஸ்ட்ட எனக்குப் பின்னாடி சேந்த பயலுக்குக் குடுத்துட்டாக. பதினெட்டு வருசம் தாயி. ஒரே ஒரு பரோட்டாக்காரன். கனகசபாபதி சாரு அதுக்குப் பெறகு எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல. அதுதான் எனக்குத் தாங்கல.

அவன விடுறதுக்கு ஆர்டர் வந்த அன்னைக்கு நாந்தான் டூட்டி. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. நோயாளி ரூமுல இருபது நா கெடந்தவன் எலும்பாப் போயிருந்தான். வெளிய அவன் பொண்டாட்டி நிக்கிறா, ஆஸ்பத்திரிலருந்து நேரா வந்துருக்கா. ரெண்டு பேரும் அந்த ஞாயித்துக்கெழமக்குப் பெறகு இன்னும் பாக்கல. வெளிய போறவன் நோட்டுல கையெழுத்துப் போடணும், இல்லாட்டி கைநாட்டு வைக்கணும். கை எங்க இருக்கு? காலுக் கட்டவெரல்ல எடுத்துக்கிரலாம்னு கிளார்க்கு சொன்னான். சொல்லிட்டு அவன் எந்திரிக்கல, மை டப்பாவ எம்பக்கம் தள்ளிவிட்டான்.

நான் கீழ குத்தவச்சு அவன் காலத் தூக்கித் தொடையில வச்சேன். மை தடவுனேன். கொட்டடி பூரா பாத்துக்கிட்டு நிக்கிது.

புள்ள போன சேதி நோயாளி ரூமுலயே அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. மேல இருந்து கேட்டான். "புள்ளைய நீங்க பாத்தியளா அண்ணாச்சி?"

பாத்தேன்னேன். நிமிரல.

"என்ன புள்ள? அவட்ட நான் எப்படிக் கேக்க முடியும்? அதான் உங்ககிட்டக் கேக்கேன்."

பொம்பளப்புள்ளன்னேன்.

"அழுதுச்சா?"

அது அழுகல தாயி. நீலம் பாரிச்சுப்போயி வந்துச்சு, கெழவி தலகீழாப் புடிச்சு முதுகுல தட்டித் தட்டிப் பாத்தா, ஒண்ணும் இல்ல. எனக்கு என்னா தோணுச்சோ, அவன் மனசு ஆறட்டும்னு, அழுதுச்சுப்பா, நல்லா அழுதுச்சுன்னு சொல்லிட்டேன்.

பெறகு, "அப்பம் உசுரோடதான் வந்துருக்கு"ன்னான்.

அம்புட்டுத்தான் சொன்னான். திட்டல, அழுகல. கால எடுத்துக்கிட்டு நடந்துருந்தாக் கூடப் பரவால்ல, அப்படியே எந்தொடையில வச்சுக்கிட்டு நிக்கிறான். நானும் அந்தக் காலப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சே இருந்தேன். ரேகை எடுத்தாச்சு, நோட்டக் கிளார்க்கு வாங்கிட்டான். மை காயணும்ல, அதுக்காகத்தான் இருந்தேன். அத வச்சுத்தான் ஊரு பூராச் சொல்லிட்டானுக, சன்னாசி பரோட்டாக்காரன் கால்ல விழுந்து அழுதான்னு. பேப்பர்லயும் அதத்தான் போட்டுருக்கான். நான் யாரு கால்லயும் விழுகல தாயி. ரேகை எடுக்கத்தான் குனிஞ்சேன். கொஞ்சம் நேரமாயிருச்சு, அவ்வளவுதான். அத மட்டும் சரியா எழுதிருங்க.